எல்லை கடந்த கலைகளும் அரசின் நிதியுதவியும்

மாநில எல்லைகள் நிர்வாகத்தின் பொருட்டு வகுக்கப்பட்டவை. கலைகளோ அவ்வெல்லைகளைக் கருதி வளர்ந்தவை அல்ல. சித்தூர், திருப்பதி வட்டாரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1-ஆம் நாள் பிறந்த ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும், திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழா எல்லையின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே முறையில் நடந்து வருகிறது. பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, நிறைவில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் இடம்பெறுகின்றன. தமிழில் தெருக்கூத்து எனப்படுவதற்கு உறவான கலையே தெலுங்கில் வீதி நாடகம் எனப்படுகிறது.

இத்தகைய பொதுக் கலைக்கு நிதி அளிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

மத்திய அரசின் பங்கு

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், நாடக அரங்குகளும் நாடக நிகழ்ச்சிகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. எனினும், சட்டமியற்றும் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்ட பொது நோக்கங்களுக்கும் மத்திய அரசு மானியம் வழங்கலாம் என்று 282-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ஒரு மாநிலம் செலவிடும் பணத்தின் பயன் அண்டை மாநிலத்துக்கும் சென்றால், அம்மாநிலம் தன் மக்களுக்குக் கிட்டும் பயனை மட்டுமே கணக்கிட்டுக் குறைவாகவே செலவிடும். இருபுறமும் இவ்வாறே எண்ணினால் எல்லைப்புறக் கலைக்கு உரிய நிதி கிடைக்காது. இவ்விடைவெளியை நிரப்புவது மத்திய அரசின் கடமையாகிறது.

மண்டலப் பண்பாட்டு மையங்கள்

இந்நோக்குடன் 1980-களின் நடுவில் நாட்டில் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள் நிறுவப்பட்டன. தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டல மையத்தில் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களும் புதுச்சேரி முதலான யூனியன் பிரதேசங்களும் உறுப்பினர்கள். நாகபுரியில் உள்ள தென் மத்திய மண்டல மையத்திலும் ஆந்திரப் பிரதேசம் இடம்பெற்றுள்ளது. பண்பாட்டு உறவுகள் ஒரே கோட்டில் முடிவதில்லை என்பதை இந்த இரட்டை உறுப்பினர் முறை ஏற்றுக்கொள்கிறது.

மத்திய அரசும் உறுப்பு மாநிலங்களும் சேர்ந்து வழங்கிய மூலநிதியின் வட்டி இம்மையங்களுக்கு ஒரு வருவாய். திட்டவாரியான மத்திய மானியம் மற்றொன்று. முதலாவது மையங்களுக்கு ஓரளவு சுதந்திரம் அளிக்கிறது. ஆனால் வட்டி விகிதம் குறைந்தால் நிகழ்ச்சிகளும் குறையும். குரு-சீடர் பரம்பரைத் திட்டம், மாநிலங்களுக்கிடையே கலைக் குழுக்கள் பரிமாற்றம், மறைந்துவரும் கலைகளை ஆவணப்படுத்தல் ஆகியவை இவற்றின் முக்கியப் பணிகள்.

இரு முன்னுதாரணங்கள்

1950-களில் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் ஆதரவில் காளஹஸ்தியில் தொடங்கிய கலம்காரிப் பயிற்சி, நலிந்திருந்த கலையைக் காத்தது. ஒரு விழாவுக்கான உதவியைவிடத் தொடர்ச்சியான பயிற்சிக்கான செலவு நிலைத்த பயன் தரும் என்பதற்கு இது சான்று. அதே மரபின் மற்றொரு கிளை தஞ்சைப் பகுதியில் கருப்பூர்க் கலம்காரி என வாழ்கிறது. இரண்டும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றவை. பயிற்சியிலும் சந்தையிலும் இவற்றை இணைக்க வாய்ப்புண்டு.

மற்றொன்று, மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தில் 1997-இல் ஆந்திரப் பிரதேச அரசு நிறுவிய திராவிடப் பல்கலைக்கழகம். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய அரசுகளும் இதற்கு ஆதரவளித்தன. மாநிலங்கள் தாமாகவே ஒரு பொதுப் பணிக்குக் கைகோக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

நடைமுறைச் சிக்கல்

நிதி இருப்பினும் அது எல்லைப்புறக் கலைஞரைச் சென்றடைவது எளிதன்று. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, மானியம் பெறும் அமைப்பு கணக்குகளை முறையாகப் பேணிப் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். பொதுப் பணத்தைக் காக்க இது இன்றியமையாதது. ஆனால் கூத்துக் குழு என்பது வாத்தியாரைச் சுற்றி, பருவத்துக்கேற்பக் கூடிக் கலையும் ஒன்று. மத்தளக்காரர் ஓர் ஊர், முகவீணைக்காரர் வேறோர் ஊர், சில வேளைகளில் வேறொரு மாநிலம். பதிவோ தணிக்கையோ இல்லாத இத்தகைய குழு விண்ணப்ப நிலையிலேயே விலகிப்போகிறது. எந்தக் கலவைக்காகத் திட்டம் வகுக்கப்பட்டதோ, அதுவே திட்டத்துக்கு வெளியே நிற்கும் முரண்பாடு இது.

ஐரோப்பாவில் 1990-இல் தொடங்கிய இன்டர்ரெக் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. எல்லையின் இருபுறமும் பங்காளிகள் சேர்ந்தே விண்ணப்பிக்கின்றனர்; அவர்களுள் ஒருவர் தலைமைப் பங்காளியாக முழுத் திட்டத்துக்கும் பொறுப்பேற்கிறார். நம் நாட்டில் ஒரு பல்கலைக்கழகமோ பதிவு பெற்ற கலைச் சங்கமோ அப்பொறுப்பை ஏற்கலாம். கணக்கும் சான்றிதழும் அதனுடையவை. பயிற்சியும் ஆட்டமும் குழுக்களுடையவை. மாவட்டக் கலை, பண்பாட்டு அலுவலர்கள் இருபுறமும் கலந்து பேசிக் குழுக்களின் பட்டியலைத் தயாரிப்பது முதற்படியாகும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கிராமங்களில் பாரத விழாவைத் தாங்குவது தலைக்கட்டு வரியும் ஊரார் நன்கொடையுமே. அரசின் உதவி அப்பழக்கத்தின் இடத்தைப் பிடித்துவிட்டால், உதவி நின்ற ஆண்டில் விழாவும் நின்றுவிடும். எனவே ஊர் தாங்கும் செலவை ஊரிடமே விட்டு, ஊர் தாங்க இயலாத பயிற்சி, இசைக்கருவி, ஆவணம், முதிய கலைஞர் நலன் ஆகியவற்றுக்கு அரசின் நிதி பயன்பட வேண்டும். இருபுறமும் ஒரே கூத்தை இரு மொழிகளில் கண்டு களிக்கும் மக்களின் ஆர்வமே இக்கலைகளின் மூலதனம். அதனைக் காக்கும் வகையில் நிதியை வகுப்பதே திட்டமிடுவோர் பணியாகும்.