ஆழ்கடற் பிராணிகளும் அமுக்கமும்

திருச்சிராப்பள்ளிக் கைலாசபுரத்தார்க்கு அமுக்கம் என்பது புதுச் சொல்லன்று. அவர்களிற் பலர் தொழில் புரியும் பாரத மிகுமின் நிறுவனத்தில் 1965 முதல் கொதிகலன்கள் செய்யப்பட்டு வருகின்றன. நீராவியின் பேரமுக்கத்தை அங்குத் தடித்த எஃகு தாங்குகின்றது. எஃகின்றியே அதனினும் மிக்க அமுக்கத்தைத் தாங்கும் உயிர்களைப் பற்றி யாம் இங்குக் கூறப் புகுகின்றோம்.

கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 6000 மீட்டரில் அஃது ஏறத்தாழ 600 மடங்காம். அவ்வாழத்திற்கு மூவரை அனுப்புதற்கெனச் சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் வகுத்த ‘மத்ஸ்யா 6000’ கலத்தின் டைட்டானியக் கோளம் 80 மில்லிமீட்டர் தடிப்புடையது. அங்ஙனமிருக்க, ஆங்குத் திரியும் மெல்லுடல் மீன் நசுங்காதது ஏன்?

கோளத்தினுள் காற்று உண்டு. மீனுடலிலோ பெரும்பாலும் நீரே. உள்ளும் புறமும் அமுக்கம் ஒத்திருத்தலின் நசுங்குதற்கு இடமில்லை. உண்மை இடர் வேறு. பேரமுக்கம் உடலிலுள்ள புரதங்களின் வடிவைக் குலைக்கும். அதனைத் தடுப்பது டிரைமெத்திலமைன் ஆக்ஸைடு என்னும் ஒரு பொருள். ஆழம் மிக மிக மீன்தசையில் இதன் அளவும் மிகும். கடல்மீன் வைகியபின் வீசும் நாற்றம் இது சிதைவதனால் எழுவதே. காவிரிக் கெண்டையில் அஃது அத்துணை இராது. (மூக்கைப் பொத்துவோர் இனிச் சற்று மதிப்புடன் பொத்துவாராக!)

இப்பொருள் அளவு கடப்பின் புறநீர் உடலுட் புகும். ஆதலின் 8200 மீட்டரளவே மீன்களுக்கு எல்லையென 2014-இல் ஆய்வாளர் கணித்தனர். 2022-இல் ஜப்பானையடுத்த அகழியொன்றில், 8336 மீட்டரில், நத்தைமீன் ஒன்று படம்பிடிக்கப்பட்டது. கணிப்புப் பெரிதும் பிழைக்கவில்லை.

இனி, குளிர். ஆழ்நீரின் வெப்பம் 2 டிகிரியை ஒட்டியது. குளிரில் நெய் உறைவது போல, உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புப் படலமும் இறுகும். அமுக்கமும் அதனையே செய்யும். ஆகவே இப்பிராணிகள் எண்ணெய்போல் இளகிய கொழுப்பையே அப்படலத்தில் மிகுதியாய்க் கொண்டுள்ளன. மேலே இழுத்துவரின் அமுக்கம் நீங்கி, வெப்பம் ஏறி, அப்படலமே அளவின்றி இளகிவிடும்; வலையிற் பட்ட ஆழ்கடல் மீன் உயிரோடு கரை சேர்வது அரிது.