அணையும் என்ஜின், அணையாத வரிசை

சிக்னலில் கார் நின்ற சில நொடிகளில் என்ஜின் தானாக அணைவதும், கிளட்சை மிதித்ததும் மீண்டும் உயிர்பெறுவதும் இன்று நடுத்தரக் குடும்பங்களின் கார்களில்கூடச் சாதாரணமாகிவிட்டன. ஆனால், புதிய கார் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே தேடிக் கண்டுபிடிப்பது, அந்த வசதியை முடக்கிவைக்கும் பொத்தானைத்தான். பெரும்பாலான கார்களில் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த வசதி மீண்டும் விழித்துக்கொள்ளும் என்பதால், பொத்தானை அழுத்துவதே தினசரிச் சடங்காகிவிட்டவர்களும் உண்டு. இந்த எரிச்சல் நமக்கு மட்டும் உரியதன்று. 2025 மே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவரே, எல்லோரும் வெறுக்கும் ஏற்பாடு இது என்று சமூக ஊடகத்தில் எழுதினார்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1970-களிலேயே இதை முயன்று பார்த்தது. இந்தியாவில் ஹீரோ நிறுவனம் 2014-இல் ஸ்பிளெண்டர் ஐஸ்மார்ட் மோட்டார் சைக்கிளிலும், மாருதி 2015-இல் சியாஸ் டீசல் காரிலும் இதை அளித்தன. நிறுவனங்கள் இதில் ஆர்வம் காட்டக் காரணம் எளிது. கார்களின் எரிபொருள் சிக்கனம் சாலையில் அளக்கப்படுவதில்லை. ஆய்வகத்தில், உருளைகளின்மீது ஓட்டி அளக்கப்படுகிறது. பழைய ஐரோப்பிய முறையை ஒட்டிய நம் சோதனையில், மொத்த நேரத்தில் ஏறத்தாழ கால் பங்கு கார் நின்றுகொண்டே இருக்கும். அந்தக் கால் பங்கில் என்ஜினை அணைத்துவிட்டால் கணக்கு அழகாகிவிடுகிறது. நிறுவனங்களின் சராசரி கரியமில வாயு வெளியீட்டுக்கு அரசு வரம்பு விதித்த பிறகு, இந்தக் கணக்குக்கு மதிப்பு இன்னும் கூடியது.

சோதனைக்கூடத்தில் கார் நின்றால் முழுமையாக நிற்கும். பிறகு முழுமையாகப் புறப்படும். ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்பவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகளுக்கு இடையே அவர் கார் பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி நகரும். ஒவ்வொரு பத்தடிக்கும் என்ஜின் அணைந்து எழுந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஆயினும் மிச்சம் உண்மையானது. சிறிய கார் ஒன்று நின்றபடி ஓடினால் மணிக்குச் சுமார் அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். நிறுத்தம் ஏறத்தாழ பத்து நொடிகளைத் தாண்டினாலே அணைத்து எழுப்புவது லாபம் என்பது அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடம் கண்ட முடிவு. ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காகக் காத்திருக்கும்போது இந்த வசதி தன் வேலையைச் செவ்வனே செய்யும். ஊர்ந்து செல்லும் வரிசையில் மட்டும் பொத்தானை அழுத்தி முடக்கிவைப்பது தவறில்லை.

'அடிக்கடி ஸ்டார்ட் ஆனால் என்ஜின் கெடாதா?' என்ற அச்சம் பெருமளவு தேவையற்றது. இத்தகைய கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பேட்டரியும் அதற்கென்றே வலுவாகச் செய்யப்பட்டவை. பேட்டரி மாற்றும்போது விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் பொருத்துவதுதான் உண்மையான கேடு. பேட்டரியில் போதிய மின்சாரம் இல்லையென்றாலோ, என்ஜின் இன்னும் சூடேறவில்லையென்றாலோ இந்த ஏற்பாடு தானே ஒதுங்கிக்கொள்ளும். ஏசியின் கம்ப்ரசரை என்ஜினே சுழற்றுவதால், உள்ளே வெப்பம் ஏறினாலும் என்ஜின் தானாக எழுந்துவிடும். சென்னையின் மே மாதப் பிற்பகலில் இந்த வசதி வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டியதில்லை. எண்ணூரின் உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பூத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவசியம். பேட்டரியின் நிலையைக் கண்காணிக்கும் உணர்கருவி அந்த முனையில்தான் இருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில் மறக்காமல் முடக்க வேண்டும். மழைக்காலத்தில் வடசென்னைச் சாலைகளில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது, புகைபோக்கி மூழ்கும் ஆழத்தில் என்ஜின் அணைந்தால் தண்ணீர் உள்ளே ஏறிவிடக்கூடும். தேங்கிய நீரில் இறங்கும் முன்பே பொத்தானை அழுத்திவிட வேண்டும். ஆழம் தெரியாத சுரங்கப்பாதையில் இறங்காமல் திரும்புவது அதைவிட நல்லது.

கார்க்காரரின் கதை இவ்வளவுதான். அவருக்கு முன்னே நிற்கும் டிரெய்லரின் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தயாராகும் கார்கள் சென்னை, காமராஜர் துறைமுகங்கள் வழியே உலகெங்கும் போகின்றன. அவற்றில் பலவற்றுக்கு நின்றால் தானே அணையத் தெரியும். துறைமுக வாயிலில் வரிசையில் நிற்கும் லாரிகளுக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு இருபது நிமிடம் சிக்னலில் நிற்கும் கார் மிச்சப்படுத்துவது சுமார் 0.2 லிட்டர். டிரெய்லரின் என்ஜின் நின்றபடி ஓடினால் மணிக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் டீசல் எரியும். ஐந்து மணி நேரக் காத்திருப்பு என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு லிட்டருக்கும் மேல். அறுபது கார்கள் ஒரு நாளில் மிச்சப்படுத்துவதை ஒரே டிரெய்லர் ஒரே வரிசையில் எரித்துவிடுகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. அந்த வரிசைக்கு அருகில்தான் குடியிருப்புகளும் மீன் விற்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

ஓட்டுநர் ஏன் அணைப்பதில்லை? அலட்சியம் என்று சொல்வது எளிது. லாரியின் காற்று பிரேக்குக்கு அழுத்தம் தருவது என்ஜினே. குழாயில் சிறு கசிவு இருந்தால், அணைத்த வண்டி அழுத்தம் ஏறும்வரை நகராது. பழைய பேட்டரி மறுபடி என்ஜினை எழுப்பும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அதற்குள் வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர் முந்திவிடுவார். பல மணி நேரக் காத்திருப்பு வீணாகிவிடும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏசி கட்டாயம். கொதிக்கும் தகரப் பெட்டியில் வேலை செய்தவர்களுக்கு அது மிகத் தாமதமாகக் கிடைத்த நியாயம். ஆனால் அந்த ஏசி ஓடவும் பொதுவாக என்ஜின் ஓட வேண்டும்.

தில்லி அரசு 2020 அக்டோபரில், சிவப்பு விளக்கில் வண்டியை அணையுங்கள் என்று ஓட்டுநர்களிடம் பிரசாரம் செய்தது. கலிபோர்னியா 2002-இல் இயற்றிய சட்டம் வேறு வழியில் போனது. லாரி முப்பது நிமிடத்துக்கு மேல் வாயிலில் என்ஜின் ஓடக் காத்திருந்தால் 250 டாலர் அபராதம். கட்ட வேண்டியது ஓட்டுநர் அல்லர், முனையம். லாரிகளுக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்கும் முனையங்களுக்கு விலக்கு உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களின் முனையங்கள் பல அந்த விலக்கை நாடின. வரிசை குறைந்ததற்கான சான்று இல்லை என்றே பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். நேரம் ஒதுக்கியதைக் காகிதத்தில் காட்டுவதும், ஒதுக்கிய நேரத்தில் வாயிலைத் திறப்பதும் வேறு வேறு. இங்கே அப்படி ஒரு விதி வந்தால், கழிப்பறையும் நிழலும் உள்ள லாரி நிறுத்துமிடத்தில் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு, தன் முறைக்கு அழைப்பு வரும்வரை தூங்க முடிகிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

துறைமுகம் - மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012-இல் பணி நின்றது. 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்தால் லாரிகள் துறைமுகத்துக்கு விரைவாக வந்து சேரும். வந்து சேர்ந்தபின் வாயில் எவ்வளவு விரைவாகத் திறக்கும் என்பதற்கு அந்தத் திட்டத்தில் விடையில்லை.