கற்பிக்கும் கலைக்கும் ஒரு மேற்படிப்பு

கல்வித் தொழில்நுட்பம் என்னும் பெயரில் ஒரு மேற்படிப்பு நம் பல்கலைக்கழகங்களில் இருந்துவருகிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், வானொலிப் பெட்டியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் கணிப்பொறியையும் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு போலும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தைச் சேர்ந்த வடக்குத்து போன்ற ஊர்களில் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. நெய்வேலி நகரியம் அதை ஒட்டியே இருக்கிறது. 1957 மே மாதத்தில் அங்குச் சுரங்கப் பணி தொடங்கியதிலிருந்து, தொழில்நுட்பம் என்றால் மண்ணை வாரும் இராட்சதச் சக்கர இயந்திரம், மின் நிலையம், பணிமனை என்றே இப்பகுதி மக்கள் அறிந்திருக்கின்றனர். பிள்ளை தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்தான் என்றால் பெற்றோருக்கு விளங்கும், கல்வித் தொழில்நுட்பம் படிக்கப்போகிறான் என்றால், “அது என்ன வேலைக்கு ஆகும்?” என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதே. எதை, எவருக்கு, எவ்வழியில் கற்பித்தால் அவர் உண்மையாகவே கற்றுக்கொள்வார் என்று ஆராய்ந்து, அதற்கேற்பப் பாடத்தையும் சாதனத்தையும் அமைக்கும் துறை இது. வானொலி, சலனப்படம், தொலைக்காட்சி, கணிப்பொறி, கைபேசி ஆகிய யாவும் இத்துறைக்குக் கருவிகளேயன்றி இவையே துறையாகா. ஏர் செய்யும் தச்சுத்தொழில் வேறு; எந்த நிலத்தை எப்பொழுது எத்தனை சால் உழவேண்டும் என்று அறியும் உழவுத்தொழில் வேறு அல்லவா?

இதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு எடுத்துக்கூறக் காரணம் உண்டு. பள்ளிக்கும் நூலகத்துக்கும் உழவர் பயிற்சிக்கும் எனக் கிராமங்களுக்கு வந்து சேரும் சாதனங்கள் பல. அவற்றுள் சில நாள்தோறும் பயன்படுகின்றன. சில, முதல் மாதம் முடிந்ததும் துணி போர்த்தப்பட்டு ஒரு மூலையில் அமர்ந்துவிடுகின்றன. பெட்டி பழுதானதால் மட்டும் இந்நிலை நேர்வதில்லை. அதைக்கொண்டு என்ன கற்பிப்பது என்று வாங்குவதற்கு முன் எவரும் எண்ணிப் பாராததே பெரும்பாலும் காரணம்.

ஊர்ப் பொது வானொலியை நினைவுகூர்வோர் இன்றும் உளர். மாலையானதும் பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பூங்காவிலோ ஒலிபெருக்கி பாடும், மக்கள் கூடுவர், கலைவர். கேட்டதோடு சரி. இக்குறையை நீக்குவதற்காக 1956-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் பூனாவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் அகில இந்திய வானொலி ஒரு சோதனை நடத்தியது. கிராமந்தோறும் ஒரு கேட்போர் மன்றம் அமைத்தனர். வாரம் இருமுறை, மொத்தம் 20 நிகழ்ச்சிகள். மன்றத்தார் நிகழ்ச்சியைக் கேட்டபின் கலைந்து போகாமல் அமர்ந்து விவாதித்தனர். தங்கள் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். வானொலி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களையும், வானொலியே இல்லாத கிராமங்களையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபொழுது, மன்றம் அமைந்த கிராமங்களிலேயே அறிவு கணிசமாக வளர்ந்திருந்தது. கேட்பது மட்டும் கற்பது ஆகாது என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த நல்ல சான்று இது. பின்னர் 1959-இல் இத்திட்டம் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று.

நம் காவிரிப் பாசனப் பகுதியில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1960-களின் நடுவில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அளித்த ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல்லைப் பற்றித் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் தொடர்ந்து விளக்கின. தஞ்சை மாவட்ட உழவர்கள் அந்நெல்லைப் பெருமளவில் பயிரிட்டனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘ரேடியோ நெல்’! ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைவிட வானொலியின் பெயர் அந்நெல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

வானொலி அங்கு அவ்வளவு பயன் தந்தமைக்குக் காரணம் என்ன? நாற்று விடவும் நடவு செய்யவும் அவ்வுழவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அறியவேண்டியிருந்தவை விதையின் பெயர், விதைக்கும் பருவம், உரத்தின் அளவு, வயது ஆகிய செய்திகளே. செய்தி காதின் வழியாகச் செல்லக்கூடியது. ஆகவே வானொலி போதுமானதாயிற்று.

இனி, வடக்குத்துப் பக்கத்து உழவர்களுக்கு நெருங்கிய வேறொன்றைப் பார்ப்போம். பண்ணுருட்டியிலிருந்து விருத்தாசலம் வரையுள்ள செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரி முக்கியப் பயிர். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த ‘தானே’ புயல், கடலூர் மாவட்டத்து முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் ஏராளமாகச் சாய்த்துவிட்டது. மீண்டும் தோப்பு வைப்பவர்கள் கொட்டையை ஊன்றி வளர்ப்பதினும், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 போன்ற நல்ல இரகங்களின் ஒட்டுச்செடிகளை நடுவதே இலாபகரமானது. ஊரிலேயே சில இளைஞர்களும் பெண்களும் ஒட்டுக்கட்டக் கற்றால் ஊருக்குச் செடியும் கிடைக்கும், அவர்களுக்கு வருவாயும் கிடைக்கும். இதை எப்படிக் கற்பிப்பது?

வானொலியில் சொல்லிப் பார்க்கலாம். “இரண்டு மாத வயதுக்கு உட்பட்ட கன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு சாண் உயரத்திற்குச் சற்றுக் குறைவாகத் தலையை வெட்டுங்கள், தண்டின் நடுவே இரண்டு அங்குல ஆழம் பிளவுங்கள், பென்சில் பருமனுள்ள ஒட்டுக்குச்சியின் அடியை ஆப்புப்போலச் சீவிச் செருகுங்கள்.” கேட்பவர் தலையசைப்பார். ஆனால் கத்தியைக் கையில் எடுத்ததும் திகைப்பார். குச்சியின் பட்டையும் கன்றின் பட்டையும் ஒரு பக்கமாவது நேராகப் பொருந்தவேண்டும். அப்பொருத்தம் சொல்லில் அடங்காது. கண்ணால் காணவேண்டும். அதுவும் பத்து முழத்துக்கு அப்பால் நின்று கண்டால் பயனில்லை. கத்திமுனையை மிக அருகில் காட்டும் சலனப்படம் இங்கே நேர்முகச் செயல் விளக்கத்தைக்கூட வென்றுவிடும். செயல் விளக்கத்தில் முன்வரிசையில் நிற்கும் நால்வரே பார்க்கின்றனர். மற்றவர்கள் அந்நால்வரின் முதுகைப் பார்க்கின்றனர்!

படம் பார்த்ததோடும் முடிவதில்லை. கை பழகவேண்டும். முதலில் வேண்டாத குச்சிகளைக் கொடுத்து ஆப்புச் சீவச் செய்யவேண்டும். அது கைவந்தபின் பிளவு, அதன்பின் செருகுதல், அதன்பின் பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுதல். ஒவ்வொரு கட்டத்திலும் தவறைக் கண்டு அப்பொழுதே திருத்துவதற்கு ஓர் ஆள் அருகில் இருக்கவேண்டும். வெட்டுவதற்கு ஏழெட்டு நாள்கள் முன்னரே தாய்மரக் குச்சியின் இலைகளைக் காம்பு மட்டும் நிற்குமாறு கிள்ளிவிட வேண்டும் என்பது போன்ற செய்திகளையோ ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், மனப்பாடம் வேண்டியதில்லை. கடைசியில் தேர்வு. எழுத்துத் தேர்வு எதற்கு? ஆளுக்கு இருபது கன்றுகள் கட்டச்செய்து, மூன்று நான்கு வாரங்களில் எத்தனை துளிர்த்தன என்று எண்ணினால் போதும்.

இங்ஙனம் ஒரு வேலையைப் பகுத்து, காதுக்குரியதைக் காதுக்கும் கண்ணுக்குரியதைக் கண்ணுக்கும் கைக்குரியதைக் கைக்கும் பங்கிட்டு, இறுதியில் பயனை அளந்து பார்ப்பதே கல்வித் தொழில்நுட்பம். கற்போரின் நிலையை ஆராய்தல், பாடத்தை வடிவமைத்தல், சாதனங்களை உருவாக்குதல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடுதல் என்னும் ஐந்து படிகளை மேற்படிப்பு மாணவர்கள் பயில்கின்றனர். முதற்படியும் கடைசிப் படியுமே கடினமானவை. நடுவிலுள்ள சாதனம் உருவாக்கும் வேலையில்தான் எல்லோருக்கும் ஆசை.

இத்துறை முதலில் வேரூன்றியது அமெரிக்காவில். இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கானோரைக் குறுகிய காலத்தில் படைத்தொழிலுக்குப் பழக்க நேர்ந்ததால், பயிற்சிப் படங்களும் நிழற்பட வரிசைகளும் அங்குப் பெருகின. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்கர் டேல் 1946-இல் வெளியிட்ட நூலில், நேரடி அனுபவத்தை அடியிலும் வெறுஞ்சொல்லை உச்சியிலும் வைத்து ஓர் ‘அனுபவக் கூம்பு’ வரைந்து காட்டினார். “படிப்பதில் 10 சதவிகிதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20 சதவிகிதம், செய்வதில் 90 சதவிகிதம்” என்று அக்கூம்பின்மேல் எண்கள் பொறித்த விளக்கப்படத்தைப் பயிற்சிக் கூடங்களில் பலர் கண்டிருக்கலாம். அவ்வெண்கள் டேல் எழுதியவை அல்ல, பிற்காலத்தவர் ஒட்டவைத்தவை. எந்த ஆய்விலும் அவற்றுக்கு ஆதாரமில்லை. 1983-இல் ரிச்சர்ட் கிளார்க் என்னும் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே சென்று, சாதனம் என்பது பாடத்தைச் சுமந்துவரும் வண்டியே, கற்பதை விளைவிப்பது பாடத்தின் அமைப்பே என்று வாதிட்டார். இவ்வாதம் இன்றும் ஓயவில்லை. அவர் கூற்றை முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. கத்திமுனையை வானொலி காட்ட இயலாதல்லவா? ஆயினும், விலையுயர்ந்த பெட்டி வந்தாலே பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று நம்புவோர் அதை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் 1959-இல் டில்லியில் தேசியக் கட்புல செவிப்புலக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பிய சோதனை உலகின் கவனத்தைக் கவர்ந்தது. விக்ரம் சாராபாய் கனவு கண்ட அத்திட்டத்தில் பொறியியலாரோடு சமூகவியலாரும் பணியாற்றினர். மக்கள் எதைப் புரிந்துகொண்டனர், எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று கிராமங்களிலேயே தங்கி ஆராய்ந்தனர். தமிழ்நாடு அதில் இடம்பெறவில்லை. பின்னர் 1984 ஆகஸ்டு 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைக்காட்சியில் நடத்திய நாடளாவிய வகுப்பறைக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் அமைந்த மையங்கள் படங்கள் தயாரித்தன.

அண்மைக்காலச் சோதனை நம் ஒவ்வொரு வீட்டிலும் நிகழ்ந்தது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, வீட்டிலிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சென்று சேர அது பெரிதும் உதவிற்று. ஆனால் கணக்கில் ஓர் இடத்தில் தடுமாறிய குழந்தை, பெட்டியைப் பார்த்து “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்க இயலவில்லை. கீழ்வகுப்புக் குழந்தைகளுக்கு 2021 நவம்பரில்தான் பள்ளி திறந்தது. அதற்குள் எழுத்தையே மறந்தவர்கள் உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் சிறு குழுக்களாகப் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். பெரும்பாலோர் பெண்கள், அதே தெருவைச் சேர்ந்தவர்கள். பூனாவில் 1956-இல் வானொலிக்கு மன்றம் எதுவோ, இங்குத் தொலைக்காட்சிக்கு அவர்கள் அதுவே என்று கூறலாம்.

இத்துறையில் மேற்படிப்பு நாடுவோர்க்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தனித்துறை உண்டு. மும்பையில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் கல்வித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2010 முதல் இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வாளர்களைச் சேர்த்துவருகிறது. வேலையில் இருந்துகொண்டே படிக்க விரும்பும் ஆசிரியர்களுக்காக இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டயம் நடத்தியிருக்கிறது. எந்தப் படிப்பு எந்த ஆண்டு நடைபெறுகிறது, தகுதி என்ன, கட்டணம் என்ன என்பவற்றை அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பில் பார்த்துத் தெளிந்த பின்னரே விண்ணப்பிக்கவேண்டும். ஆறு மாதத்தில் கணிப்பொறியில் அசையும் படம் வரையக் கற்பிக்கும் தனியார் பயிற்சிகளையும் இதே பெயரால் அழைப்பதுண்டு. அவை வேறு, இது வேறு. படித்தவர்களுக்குப் பாடநூல், மின்பாடத் தயாரிப்பு, ஆசிரியர் பயிற்சி, வேளாண் விரிவாக்கம், பொதுச் சுகாதாரம், தொழிற்சாலைப் பயிற்சிக் கூடங்கள் ஆகியவற்றில் வேலைவாய்ப்பு உண்டு. சுரங்கத்துக்குப் புதிதாக வரும் ஒருவரை முதல் நாளே சக்கர இயந்திரத்தின்மேல் ஏற்றிப் பழக்க இயலாதாகையால், பெருந்தொழில் நடக்கும் இடமெல்லாம் இக்கலைக்குத் தேவை உண்டு.

இனிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு ஒரு சொல். பள்ளிக்கு ஒளித்திரையோ கணிப்பொறியோ வாங்கும் பேச்சு வரும்பொழுது, விலையையும் உத்தரவாதக் காலத்தையும் கேட்பது வழக்கம். அவற்றோடு, எந்த வகுப்பின் எந்தப் பாடம் இப்பொழுது பிள்ளைகளுக்கு விளங்காமல் இருக்கிறது, இச்சாதனம் அதை எவ்வாறு விளக்கும் என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். 2018 முதல் நம் மாநிலப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுவரும் கட்டக் குறியீடுகளைக் கைபேசியில் காட்டினால் பாடத்துக்குரிய படங்கள் கிடைக்கும். அவற்றை முதலில் பயன்படுத்திப் பார்த்தார்களா என்றும் கேட்கலாம். அதற்குச் செலவு மிகக் குறைவு. பின்னர் ஒரு பருவம் கழித்து, அதே பாடத்தில் அதே பிள்ளைகளை நான்கு கேள்விகள் கேட்டுப் பார்த்து, விடைகளைக் குழுவின் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த சாதனம் வாங்கும் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம்.