தகட்டுவில்லும் வண்டியின் உயரமும்

சில்லு நிலத்தின் மேடுபள்ளங்களைத் தொடர்ந்து ஏறி இறங்குதல் வேண்டும். வண்டியில் இருப்போரும் ஏற்றப்பட்ட பொருளும் அவ்வாறு ஏறி இறங்காதிருத்தல் வேண்டும். ஒன்றற்கொன்று மாறான இவ்விரு தேவைகளையும் இணக்கி வைப்பதே வில்லின் தொழிலாகும். மாட்டுவண்டியில் நெடுந்தூரஞ் சென்றவர் எவரும் வில்லில்லாக் குறையைத் தம் உடம்பாலேயே அறிவர். வில்லின் நீட்சி அதன்மேற் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதசமம் என்னும் விதியை றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678 ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். 1804 இல் ஒபடயா எலியற் என்பார் இலண்டனிலே குதிரைவண்டிகளுக்கு ஏற்ற நீள்வட்ட வடிவ வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பாதி வடிவமே, ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய உருக்குத் தகடுகளாலாகிய அரைநீள்வட்ட வில்லாக, மோட்டார் வண்டிகளிலும் இடம்பெறலாயிற்று. 'ஸ்பிறிங்' என்று பொதுவில் வழங்கும் இதனை ஈண்டுத் தகட்டுவில் எனக் கொள்வோம்.

நான்கு சில்லுகளும் பொறியால் இயக்கப்படும் பழைய வண்டிகளுள் தகட்டுவில்லால் தாங்கப்பட்டவை பல. யப்பானிய லாண்ட் குறூசர் அவற்றுள் ஒன்று. 1951 இல் ரொயோட்டா நிறுவனம் செய்த 'பீஜே' என்னும் வண்டி அவ்வாண்டு பூஜி மலையின் ஆறாவது நிலைவரை ஏறிப் பெயர்பெற்றது. 1954 இல் லாண்ட் குறூசர் என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1960 முதல் 1984 வரை யப்பானில் உற்பத்தியான அதன் 40 ஆம் வரிசை வண்டிகளில் முன்னும் பின்னும் விறைத்த அச்சுகளும், அவற்றைத் தாங்கும் நான்கு தகட்டுவில்லுகளும் இருந்தன. கலிபோர்ணியாவின் சியறா நெவாடா மலையில் றூபிக்கன் தடம் என்றொரு பாறைவழி உண்டு. 1953 முதல் ஜீப் வண்டியோட்டிகள் ஆண்டுதோறுங் கூடிச் செல்லும் வழி அது. அத்தகைய வழிகளிற் செல்வோர் தம் வண்டியைப் பாறைக்கு மேல் உயர்த்திக்கொள்ள விரும்பியமையால், வில்லை மாற்றி வண்டியை உயர்த்தும் வழக்கம் பரவியது. இன்று அது அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெரியதொரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அவ்வழக்கத்தால் உயர்வது யாது, அதற்குக் கொடுக்கும் விலை யாது என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. வில்லை எவ்வளவு உயர்த்தினும் அச்சு உயர்வதில்லை. அச்சு சில்லின் நடுவில் உள்ளது; அதன் உயரம் ரயரின் ஆரையை மட்டுமே பொறுத்தது. வில்லானது அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையில் இருப்பதால், அதை மாற்றும்போது உயர்வது அடிச்சட்டமும் அதன்மேலுள்ள உடலுமேயாம். பாறையில் முதலில் முட்டுவதோ பெரும்பாலும் அச்சின் நடுவே பருத்துத் தாழ்ந்திருக்கும் டிபரென்சியல் உறை. 28 அங்குல விட்டமுள்ள ரயரை நீக்கி 31 அங்குல ரயரைப் பூட்டினால் அவ்வுறை 1½ அங்குலம் உயரும். ஆகவே வில்லை உயர்த்துவதன் மெய்யான பயன் இரண்டே: வண்டியின் வயிற்றுப்பகுதியும் முன்பின் முனைகளும் மேட்டில் இடியாமை ஒன்று, பெரிய ரயர் சுழல இடமுண்டாதல் மற்றொன்று. இதனை உணராதார் பொருளைச் செலவிட்டும் தாம் வேண்டிய உயரத்தைப் பெறாதொழிவர்.

இனித் தகட்டுவில்லின் இயல்பை நோக்குவோம். அதன் இரு முனைகளும் அடிச்சட்டத்தோடு இணைந்தவை. ஒரு முனை நிலையாகவும், மற்றது 'சக்கிள்' எனப்படும் ஊசலாடும் துண்டின் வழியாகவும் பொருத்தப்பட்டிருக்கும். சுமையேறி வில் நிமிரும்போது அதன் நீளம் கூடுமாதலின் ஒரு முனை நகர இடம் வேண்டும், அதற்கே சக்கிள். வில்லின் நடுப்பகுதி அச்சோடு 'யூ' வடிவ ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். உயர்தர வகுப்பிலே கோலொன்றின் இரு முனைகளையுந் தாங்கி நடுவிற் சுமையைத் தூக்கி வளைவை அளக்கும் மாணவர், இவ்வில்லின் கணிதத்தை ஏற்கெனவே பாதி அறிந்தவராவர். வில்லின் விறைப்பு தகடுகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர்விகிதசமம். தடிப்பின் கனத்துக்கும் நேர்விகிதசமம். நீளத்தின் கனத்துக்கு நேர்மாறு விகிதசமம்.

உதாரணமாக, 1,000 மில்லிமீற்றர் நீளமும், 60 மி.மீ. அகலமும், 6 மி.மீ. தடிப்புமுள்ள ஏழு தகடுகளாலாகிய வில்லொன்றைக் கொள்வோம். கணித்துப் பார்ப்பின் அதன் விறைப்பு மி.மீற்றருக்கு ஏறத்தாழ 50 நியூற்றன் ஆகும். 4,000 நியூற்றன் சுமையின்கீழ் அது 80 மி.மீ. அமிழும்; தகடுகளில் உண்டாகும் தகைப்பு சதுர மி.மீற்றருக்கு ஏறத்தாழ 400 நியூற்றன். இவ்வெண்களை மனத்திற் கொண்டு, உயர்த்தும் முறைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது முறை தகடு சேர்த்தல். மேற்கூறிய வில்லில் அதே வளைவுள்ள எட்டாவது தகட்டைச் சேர்த்தால் விறைப்பு 57 ஆகும். அமிழ்வு 70 மி.மீ. ஆகக் குறையும். கிடைத்த உயரம் 10 மி.மீ. மட்டுமே. எனவே கூடிய உயரம் வேண்டுவோர் ஏனையவற்றிலும் மிக வளைந்த தகட்டைச் சேர்ப்பர். அவ்வாறு செய்யின் புதிய தகடு தன் பங்கினும் மிகுந்த சுமையைத் தாங்கி விரைவில் தளரும். தகட்டின் தொகையைக் கூட்டாது தடிப்பைக் கூட்டுவதோ இன்னும் வன்மையான மாற்றம். 6 மி.மீ. தகடுகளுக்குப் பதிலாக 7 மி.மீ. தகடுகளை இட்டால் விறைப்பு நூற்றுக்கு 59 பங்கு அதிகரிக்கும்.

இரண்டாவது முறை பழைய தகடுகளை மீள வளைத்தல். இதனால் விறைப்பு மாறாது. உயரம் மட்டும் கூடும். ஆயினும் இங்கே இரு இடர்கள் உள. நம் உதாரண வில் நின்ற நிலையிலிருந்து மேலும் 80 மி.மீ. அமிழ்ந்து தடுப்புக் கட்டையில் முட்டுவதாகக் கொண்டால், அப்போது தகைப்பு ஏறத்தாழ 800 ஆகும். 50 மி.மீ. மிகுதியாக வளைத்தபின் அதே கட்டையை முட்டுமுன் வில் இன்னும் 50 மி.மீ. அமிழ வேண்டும், தகைப்பு 1,000ஐக் கடந்துவிடும். நன்கு பதஞ்செய்த வில்லுருக்கின் மீள்தன்மை எல்லையோ 1,100 அல்லது அதற்குச் சற்று மேல். பல்லாண்டு உழைத்துத் துருவேறிய தகடு அந்நிலையில் நிலைத்து நிற்றல் அரிது. இரண்டாவது இடர் பதத்தைப் பற்றியது. உலையிலே செந்நிறமாகக் காய்ச்சி அடித்து வளைத்த தகட்டை மீண்டும் ஏறத்தாழ 850 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, எண்ணெயில் அமிழ்த்தி, பின் 450 முதல் 500 பாகைவரை காய்ச்சி ஆற்றினாலன்றி அது வில்லாகாது. பதம் மிஞ்சினால் முறியும், குறைந்தால் தொய்யும். குளிர்நிலையில் அடித்து வளைத்த தகடும், சுமை செலுத்தும் திசைக்கு எதிர்த்திசையில் வளைக்கப்பட்டதாதலின், விரைவில் பழைய நிலைக்கே தாழும்.

மூன்றாவது முறை சக்கிளை நீட்டுதல். மலிவும் எளிமையும் கருதிப் பலர் இதனை நாடுவர். வில்லின் ஒரு முனை மட்டுமே தாழ்வதால் கிடைக்கும் உயரம் நீட்டியதில் ஏறக்குறையப் பாதியே, 50 மி.மீ. நீட்டினால் வண்டி 25 மி.மீ. உயரும். அதனோடு அச்சும் திரும்பிவிடுகின்றது. 1,000 மி.மீ. நீளத்தில் ஒரு முனை 50 மி.மீ. தாழ்வது ஏறத்தாழ 2.9 பாகைச் சரிவாகும். முன்சில்லு திரும்பும் முளையாணி மேற்புறம் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதனாலேயே, திருப்பிய சில்லு தானே நேர்நிலைக்கு மீள்கின்றது. அச்சாய்வு பழைய வண்டிகளிற் சில பாகையே. லாண்ட் குறூசர் 40 ஆம் வரிசையிற்போல முன்வில்லின் சக்கிள் முன்முனையில் இருப்பின், சக்கிளை நீட்டுந்தோறும் அச்சாய்வு குறையும். சாய்வு இழந்த வண்டி வேகமாகச் செல்லும்போது வழியில் நிலைகொள்ளாது அலையும்.

நான்காவது முறை அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைத்தல். வில் அச்சின் மேலுள்ள வண்டிகளுக்கே இது பொருந்தும். வில் அச்சின் கீழிருப்பின் அதே கட்டை வண்டியைத் தாழ்த்திவிடும். முன்னச்சிற் கட்டை வைத்தல் எவ்வாற்றானும் தகாது. பிறேக் பிடிக்கும்போதும் சில்லைத் திருப்பும்போதும் அங்கே உண்டாகும் விசைகள் கட்டையைப் பெயர்த்துவிடக்கூடும். அது பெயரின் வண்டி ஓட்டுநரின் வசத்தில் நில்லாது.

ஐந்தாவது முறை, அச்சின் கீழிருந்த வில்லை அச்சின் மேலே ஏற்றுதல். லாண்ட் குறூசரில் வில் அச்சின் கீழ் இருந்தமையால் இம்மாற்றம் பலரால் விரும்பப்பட்டது. அச்சுக்குழாயின் விட்டமும் வில்லடுக்கின் தடிப்பும் சேர்ந்த அளவு, அதாவது ஏறத்தாழ 5 அங்குலம், ஒருங்கே கிடைக்கும். வில்லின் மென்மையும் கெடாது. ஆயினும் நிலத்துக்கும் வில்லுக்கும் இடையிலுள்ள நெம்புகோல் நீள்கின்றது. சில்லின் ஆரை 14 அங்குலமாயின் அந்நீளம் 11½ அங்குலத்திலிருந்து 16½ அங்குலமாகும். பொறியின் விசையும் பிறேக்கின் விசையும் வில்லை முறுக்கும் திருப்பம் நூற்றுக்கு 43 பங்கு கூடும். வில் 'எஸ்' வடிவாய் நெளிந்து, சில்லு தத்திப் பாயும். அஃதன்றியும் சில்லைத் திருப்பும் தண்டுகளை வில்லில் முட்டாதவாறு புதிதாய் அமைத்தல் வேண்டும்.

எம்முறையைக் கைக்கொள்ளினும் வில்லோடு தொடர்புடைய உறுப்புகள் பல. அடிச்சட்டம் உயரச் சுழல்தண்டின் சரிவு கூடும். அதன் முனைகளிலுள்ள யூனிவேசல் இணைப்புகள் தேயும். பிறேக் எண்ணெய் செல்லும் றப்பர்க்குழாய் நீளம் போதாது இழுபட்டு அறுந்தால் விளைவு சொல்லவேண்டுவதில்லை. சொக் அப்சோபர்களும் புதிய உயரத்துக்கேற்ற நீளமுடையனவாதல் வேண்டும். 31 அங்குல ரயர் பூட்டிய வண்டி உண்மையில் மணிக்கு 66 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போதும், 28 அங்குலத்துக்கென அமைந்த வேகமானி 60 என்றே காட்டும்.

விறைப்பைக் கூட்டி உயர்த்திய வண்டி மற்றொரு வகையிலும் தன் நோக்கத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும். பாறைவழியில் ஒரு சில்லு பள்ளத்திலும் மறுசில்லு மேட்டிலும் நிற்கும். வில் மென்மையாயின் இரண்டும் நிலத்தைப் பற்றும். விறைத்ததாயின் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிபரென்சியல், தடையில்லாத அச்சில்லையே வீணிற் சுழற்றும். பிடியுள்ள சில்லு அசையாது நிற்கும்.

இவை யாவற்றினும் பெரிது வண்டி கவிழும் அபாயம். ஒரு வண்டி பக்கவாட்டில் நிலைத்து நிற்கும் ஆற்றல், சில்லுகளின் இடையகலத்தைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தினது இருமடங்கால் வகுத்து வரும் எண்ணால் அளக்கப்படும். இடையகலம் 1,400 மி.மீ., மையத்தின் உயரம் 700 மி.மீ. ஆயின் அவ்வெண் 1. வண்டி 45 பாகைச் சரிவுவரை கவிழாது நிற்கும். மையம் 100 மி.மீ. உயரின் எண் 0.875 ஆகும், சரிவு 41 பாகையாகக் குறையும். 30 மீற்றர் ஆரையுள்ள வளைவிலே முன்பு மணிக்கு 62 கி.மீ. வரை தாங்கிய வண்டி இப்போது 58 கி.மீ. வரையே தாங்கும். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் உலர்ந்த தார்வீதியில் ரயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.8. நிலைப்பெண் உராய்வெண்ணிலும் மிக்கிருக்கும்வரை வண்டி வளைவிற் சறுக்கும். குறைந்தால் சறுக்குமுன் கவிழும். வில்லின்மேல் உடல் சாய்வதும் ரயர் நசிவதும் நிலைப்பெண்ணை இன்னும் குறைக்குமாதலின், உயர்த்திய வண்டி அவ்வெல்லையின் விளிம்பிலேயே ஓடுகின்றது எனலாம். சறுக்கிய ஓட்டுநருக்குத் திருந்த ஒரு கணமேனும் உண்டு; கவிழ்ந்தவருக்கு அஃதில்லை. பாறைவழிக்கென உயர்த்தப்பட்ட வண்டி, வீடு திரும்பும் தார்வீதியிலேயே தன் உரிமையாளரின் உயிருக்கு உலைவைத்தல் இதனாலேதான். அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் வரையறுத்த அளவுக்கு மேல் உயர்த்தும் வண்டிக்குப் பொறியியலாளரின் சான்று வேண்டப்படுவதன் காரணமும் இதுவே.

ஆகவே பழைய வண்டியை உயர்த்தக் கருதுவோர் முதலில் அளவுகோலைக் கையில் எடுத்தல் நன்று. நாற்பதாண்டு சுமந்து தொய்ந்த வில்லை நீக்கி, அதே அளவிலான புதிய வில்லைப் பூட்டினால், இழந்த உயரம் எவ்வித இடருமின்றி மீளும். பலருக்கு அதுவே போதும். மேலும் வேண்டுவோர் தேவையான ரயருக்கு எவ்வளவு இடம் வேண்டுமென்று கணித்து, அவ்வளவே உயர்த்தல் வேண்டும். மெல்லிய தகடுகள் பலவற்றாலான நீண்ட வில்லே, தடித்த தகடுகள் சிலவற்றாலான குறுகிய வில்லினும் சிறந்தது. வில்லின் தகட்டில் துளையிடுதலும் வெல்டிங் செய்தலும் ஒருபோதும் ஆகா. சுமையால் மேற்பக்கம் எப்போதும் இழுவையில் இருப்பதால், அங்கே படுஞ் சிறு வடுவும் வெடிப்பாய் வளரும். தடுப்புக் கட்டை, பிறேக் குழாய், சுழல்தண்டு, முன்னச்சின் சாய்வு ஆகிய நான்கையும் சோதியாது வண்டியை வீதிக்குக் கொண்டுவருதல் பிழை.

வண்டியை வகுத்த பொறியியலாளர் அதன் உயரம், விறைப்பு, சாய்வு, நிலைப்பு என்பவற்றை ஒன்றோடொன்று சீர்தூக்கியே அமைத்தனர். அவற்றுள் ஒன்றை மாற்றுவோர் ஏனையவற்றையும் மாற்றியவராகின்றனர். ஓர் அங்குலம் உயர்த்துமுன் அவ்வோர் அங்குலத்துக்கு வேறெங்கே எவ்வளவு கொடுக்கவேண்டும் எனக் கணக்கிட்டு அறிதலே தொழிலறிவு. அக்கணக்குப் பாடசாலைப் பௌதிகத்துக்கு அப்பாற்பட்டதன்று.