சாமான் பட்டியலின் பின்பக்கம்

ஷஃபான் பிறை பிறந்துவிட்டால் நமது வீடுகளில் முதலில் எழுதப்படுவது சாமான் பட்டியல்தான். கஞ்சிக்குப் பச்சையரிசி, பயறு, வெந்தயம், ரோல்ஸுக்குக் கோதுமை மா, பேரீத்தம்பழம், பிள்ளைகளின் பெருநாள் உடுப்புக்குத் துணி என்று அது நீண்டுகொண்டே போகும். சில வருடங்களுக்கு முன்னர் அந்தத் தாளின் பின்பக்கத்தில் நான் வேறொரு பட்டியலும் எழுதினேன். அல்குர்ஆனை இரண்டு தடவை ஓதி முடிப்பது, தமிழ் விளக்கவுரையில் ஒரு பாகம், நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு முழுவதும், ஹதீஸ் தொகுப்பொன்று, அவற்றோடு இரண்டு நாவல்கள்!

பெருநாள் பிறை கண்ட இரவில் கணக்குப் பார்த்தேன். ஓதியது 11 ஜுஸ்உ. வரலாற்று நூலில் 40 பக்கம். மற்றவை அலுமாரியில் வைத்தபடியே இருந்தன. கலியாணம் முடித்த எட்டு வருடங்களில் ஒரு புத்தகத்தையேனும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கவில்லை என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. பாடசாலைக் காலத்தில் கிழமைக்கு ஒரு புத்தகம் வாசித்தவள் நான்.

மறுநாள் ராத்தாவிடம், நேரமே கிடைக்கவில்லை என்று முறையிட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "நீ நேரத்தப் பாத்தா லிஸ்ட் போட்ட? புத்தகத்தப் பாத்துத்தானே போட்ட!"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அடுத்த வருடம் ஷஃபான் நடுப்பகுதியில் ஒரு பழைய கொப்பியை எடுத்து, நோன்பு நாளொன்றில் என் கைகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தேன். ஸஹருக்கு எழும்புவது, ஸுப்ஹுக்குப் பின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது, துணி துவைப்பது, அஸருக்குப் பின் குசினி, நோன்பு திறந்த பின் மறுபடியும் குசினி, தராவீஹ். ஆண்கள் பள்ளிவாசலில் அமைதியாக ஓதிக்கொண்டிருக்கும் அஸருக்குப் பிந்திய அதே நேரத்தில் நாம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறோம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வாரநாட்களில் கஞ்சியோடு இரண்டு வகைப் பொரியலுக்குப் பதிலாக ஒன்று போதும் என்று கணவரிடம் சொன்னபோது, அவர் மறுப்பின்றித் தலையாட்டினார். அந்தத் தீர்மானத்தால் எனக்கு நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சியது. கேட்காமலே எட்டு வருடம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

இனி, ஓதலின் கணக்குக்கு வருவோம். மதீனா பதிப்புக் குர்ஆனில் 604 பக்கங்கள். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நான்கு பக்கம் ஓதினால் நாளொன்றுக்கு 20 பக்கம். 30 நாளில் ஏறத்தாழ முடிந்துவிடும். பயான்களில் நாம் அடிக்கடி கேட்கும் கணக்கு இது. ஆனால் சகோதரிகளே, இது ஆண்களின் கணக்கு! தொழுகையில்லாத நாட்கள் நமக்கு உண்டு. ஏழு நாட்களைக் கழித்தால் மிஞ்சுவது 23. அப்படியானால் நாளொன்றுக்கு 26 பக்கத்துக்கு மேல் ஓத வேண்டும். மணிக்கூட்டை வைத்து ஓதிப் பார்த்தேன். பக்கமொன்றுக்கு எனக்கு நான்கு நிமிடம் தேவைப்பட்டது. 26 பக்கத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். கைக்குழந்தையை வைத்திருக்கும் ஒருத்திக்கு இது இயலுமா? இயலாதவள் ஷஃபானிலேயே ஓதத் தொடங்கட்டும். அல்லது 15 ஜுஸ்உ என்று எழுதிக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டார் எத்தனை தடவை ஓதி முடித்தார்கள் என்ற விசாரிப்புக்கு நமது பட்டியலில் இடமில்லை.

அந்த ஏழு நாட்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடே நோன்பும் ஓதலுமாக இருக்கும்போது தான் மட்டும் ஒதுங்கி நிற்பதுபோன்ற ஒரு சோர்வு அப்போது வரும். பலர் அந்நாட்களைத் தொலைக்காட்சிக்கோ கைத்தொலைபேசிக்கோ கொடுத்துவிடுகிறார்கள். நமது ஷாஃபிஈ மத்ஹபின்படி ஓதலைத்தான் நாம் நிறுத்திக்கொள்கிறோம். வாசிப்பை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆகவே நபியவர்களின் வரலாற்றை நான் அந்நாட்களுக்கென்றே ஒதுக்கிவைத்தேன். அதுவும் முழு நூலை அல்ல. றமழானோடு தொடர்புடைய அத்தியாயங்களை மட்டும். ஹிஜ்ரி 2, றமழான் 17இல் நடந்த பத்று யுத்தம். ஹிஜ்ரி 8 றமழானில் மக்கா வெற்றி. கதீஜா (ரலி) அவர்களின் மறைவு. அதுவும் றமழானில்தான் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியிருக்கிறார்கள்.

பத்று யுத்த அத்தியாயத்தைப் போர்க்கதைதானே என்று பல வருடங்களாக நான் புரட்டித் தள்ளியிருக்கிறேன். நிதானமாக வாசித்தபோதுதான் அதற்குள் ஒரு நோயாளியின் வீடும் இருப்பதைக் கண்டேன். நபியவர்களின் மகள் ருகையா (ரலி) அப்போது மதீனாவில் நோயுற்றுக் கிடந்தார். அவரைப் பராமரிப்பதற்காகக் கணவர் உஸ்மான் (ரலி) யுத்தத்துக்குப் போகாமல் பின்தங்கினார். நபியவர்கள்தான் அவ்வாறு தங்கச் சொன்னார்கள். வெற்றிச் செய்தி மதீனாவுக்கு வந்து சேர்ந்தபோது ருகையாவின் ஜனாஸா அடக்கப்பட்டுக்கொண்டிருந்தது. உஸ்மானுக்கோ பத்றில் கலந்துகொண்டவர்களுக்குரிய பங்கு வழங்கப்பட்டது. நோயாளி மனைவியின் தலைமாட்டில் இருந்தவருக்கு யுத்தத்தில் பங்கு! சட்டியைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டாந் தடவையும் வாசித்தேன்.

நோன்பு திறக்க முந்திய பதினைந்து நிமிடம் பிள்ளைகளுடையது. "உம்மா, இன்னும் எத்தின நிமிஷம்?" என்று கேட்டுக் கேட்டே உயிரை வாங்குவார்கள். யூசுப் அத்தியாயத்தின் 111 வசனங்களையும் தமிழ் மொழிபெயர்ப்பில் நாளுக்குக் கொஞ்சமாக வாசித்துக் காட்டினேன். கிணற்றில் போடப்பட்ட இடத்தில் நிறுத்தியபோது, சின்ன மகன் பாங்கு சொன்னதையும் மறந்து, பிறகென்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

நாவல்களை நான் ஷவ்வாலுக்குத் தள்ளிவிட்டேன். அவை கூடாதவை என்பதற்காக அல்ல. நாவலை எடுத்தால் கஞ்சி அடிப்பிடித்துவிடும் என்பதற்காக! அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்த, இலங்கையின் முதல் தமிழ் நாவல். நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' 1938இல் வெளிவந்தது. ஒரு முஸ்லிம் பெண் அந்தக் காலத்திலேயே தமிழில் நாவல் எழுதியிருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெருநாள் விருந்துகள் ஓய்ந்தபின் வரும் மதிய நேரங்கள் இவற்றுக்கு ஏற்றவை.

ஒரு வருடத்துப் பட்டியல் மறு வருடத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. நோன்பு ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாட்கள் முந்தி வருகிறது. 2025இல் சாதாரண தரப் பரீட்சை மார்ச் மாதத்தில், நோன்புக்குள்ளேயே வந்தது. பரீட்சை எழுதும் பிள்ளையுள்ள வீடுகளில் தாயும் சேர்ந்தல்லவா பரீட்சை எழுதுகிறாள்! அந்த வருடம் ராத்தா தனது பட்டியலை ஒரேயொரு வரியாகச் சுருக்கிக்கொண்டார். அந்த வரியை முடித்தும்விட்டார்.

சென்ற நோன்பில் என்னுடைய பட்டியலில் மூன்று வரிகள். 20 ஜுஸ்உ ஓதி முடித்தேன். வரலாற்றில் குறித்துவைத்த அத்தியாயங்களையும் வாசித்தேன். மூன்றாவது, நோன்பைப் பற்றிய அல்பகறா 183 முதல் 187 வரையான வசனங்களின் விளக்கவுரை. அது பாதியில் நின்றுவிட்டது. இம்முறைச் சாமான் பட்டியலின் பின்பக்கத்தில் அதுவே முதல் வரி.