கவிழும் காருக்குள் உருக்குக் கூடு

2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நடைபெற்ற மாண்ட்டி கார்லோ ராலிப் பந்தயத்தில், எஸ்டோனிய நாட்டு வீரராகிய ஓட் டானக் ஓட்டிச் சென்ற கார், மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் பாதையை விட்டு விலகி, மலைச்சரிவில் பலமுறை உருண்டு விழுந்தது. காரின் வெளித்தகடுகள் சிதைந்தன. எனினும் அவரும், அருகில் அமர்ந்து வழி கூறி வந்த மார்ட்டின் யார்வியோயாவும் பெருங்காயம் ஏதுமின்றி வெளியே வந்தனர். இதனைத் தெய்வச் செயல் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அவ்விருவரையும் சூழ்ந்து அக்காருக்குள் அமைந்திருந்த உருக்குக் குழாய்க் கூட்டினையும், அவர்களை ஆசனத்தோடு பிணைத்திருந்த வார்களையும் நோக்கினால் காரணம் நன்கு விளங்கும்.

இக்கூட்டினை 'ரோல் கேஜ்' என்பர். கார் கவிழுங்கால் கூரை நசுங்கினும், உள்ளே இருப்பவர் உயிர் வாழ்வதற்குரிய இடம் குறையாமல் காப்பதே இதன் பணியாகும். பந்தயக் கார்களைக் கண்டு, தம் சொந்தக் காரிலும் இத்தகைய கூட்டினை அமைத்துக்கொள்ள விரும்பும் இளைஞர் இன்று பலர். பற்றவைப்புக் கற்பிக்கும் ஆசிரியரிடம் மாணவர் இதுபற்றி வினவுவதும் இயல்பே. வெளித்தோற்றத்தில் இது நான்கைந்து குழாய்களை வளைத்து ஒட்டும் எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் கூட்டின் வலிமை கண்ணுக்குப் புலனாகும் குழாய்களில் இருப்பதைக் காட்டிலும், கண்ணுக்கு மறைந்த இடங்களிலேயே மிகுதியும் இருக்கிறது.

முதலில் வடிவத்தைக் காண்போம். ஓட்டுநரின் ஆசனத்திற்குப் பின்னால், காரின் குறுக்கே, கவிழ்த்த 'ப' வடிவில் நிற்பது முதன்மை வளைவு. முன்கண்ணாடியை ஒட்டியும் கூரையின் ஓரங்களிலும் செல்லும் குழாய்கள் இதனோடு இணைகின்றன. பின்புறமாகச் சாய்ந்து செல்லும் இரண்டு முட்டுக் குழாய்கள் வளைவு பின்னே சாயாதபடி தாங்குகின்றன. இவற்றோடு ஒரு மூலைவிட்டக் குழாயும் இன்றியமையாதது. அதன் பயனை வகுப்பில் காட்டுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. நான்கு ஈர்க்குச்சிகளைச் சதுரமாக வைத்து மூலைகளை நூலால் கட்டுக. ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்ந்து படுத்துவிடும். ஐந்தாவது குச்சியை மூலைக்கு மூலை கட்டியபின் தள்ளிப் பார்த்தால், குச்சி முறிந்தாலன்றி உருவம் மாறாது. முக்கோணத்திற்கு மட்டும் உரிய இக்குணமே கூரைக் கைமரங்களிலும் இரயில் பாலங்களிலும் பயன்படுகிறது.

இனி, திண்ணிய கம்பியை விடுத்துக் குழாயைக் கொள்வது ஏன்? 45 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள உருக்குக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 கிலோகிராம் எடையுள்ளது. அதே எடையில் திண்ணிய கம்பி செய்தால் அதன் விட்டம் 21 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கணக்கிட்டுப் பார்த்தால், வளைவை எதிர்க்கும் விறைப்பில் குழாய் அக்கம்பியைப்போல் எட்டு மடங்கிற்கும் மேற்பட்டது. மூங்கில் இந்த உண்மையை மனிதனுக்கு முன்பே அறிந்திருக்கிறது.

மேற்கூறிய அளவுகள் வெறும் உதாரணத்திற்காகத் தரப்பட்டவை அல்ல. சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு முதன்மை வளைவிற்கு விதித்துள்ள குறைந்த அளவே 45-க்கு 2.5, அல்லது 50-க்கு 2 மில்லிமீட்டர் ஆகும். குழாய் தையலின்றிக் குளிர்நிலையில் இழுக்கப்பட்டதாகவும், அதன் கரியின் அளவு நூற்றுக்கு 0.3-க்கு மேற்படாததாகவும் இருத்தல் வேண்டும். கரி மிகுந்தால் பற்றவைத்த இடத்தை அடுத்த பகுதி குளிரும்போது கடினமுற்று, அடிபட்டவுடன் வளையாமல் வெடிக்கும். கடைகளில் எளிதிற் கிடைக்கும் நாகம் பூசிய தண்ணீர்க் குழாய் இவ்வேலைக்குச் சிறிதும் ஏற்றதன்று. அதனைப் பற்றவைக்கையில் எழும் நாகப்புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலையும் தரும்.

குழாயைக் காய்ச்சி வளைப்பதும் ஆகாது. குளிர்நிலையிலேயே, வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்கிற்குக் குறையாதபடி, உரிய எந்திரத்தால் வளைக்க வேண்டும். வளைந்த இடத்தில் குழாய் முட்டை வடிவாகச் சப்பையானால், குறுகிய விட்டம் நீண்ட விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்கவேண்டும் என்பது விதி. இதனை அளவுக்கருவி கொண்டு எவரும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

கால்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும்; பட்டறைகளில் மிகுந்த பிழை நேருமிடம் இதுவே. சான்று பெற வரும் கூட்டின் முதன்மை வளைவு, காரின் எடையோடு 150 கிலோகிராம் கூட்டிய மொத்தத்தைப்போல் ஏழரை மடங்கு சுமையை மேலிருந்து தாங்கவேண்டும். 1,000 கிலோகிராம் காருக்கு இது எட்டரை டன்னுக்கும் அதிகம். இத்தனை பாரமும் இறுதியில் எங்கே சென்று இறங்குகிறது? பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தரைத்தகட்டின்மீது! குழாயின் முனை அத்தகட்டில் படும் பரப்பு மூன்றரைச் சதுர செண்டிமீட்டருக்கும் குறைவு. பாரம் ஏறியவுடன் குழாய், அதிரசம் வெட்டும் அச்சினைப்போல், தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். கூடு முறியாமலே கூரை தலைமேல் வந்து சேரும். ஆகவேதான் ஒவ்வொரு முதன்மைக் காலின் கீழும் 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர செண்டிமீட்டர் பரப்பும் குறையாத வலுவூட்டுத் தகட்டினைக் கார் உடலோடு பற்றவைத்து, அதன்மேல் காலின் அடித்தகட்டை 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள் மூன்றினாலாவது இறுக்குமாறு விதித்துள்ளனர். பரப்பு முப்பத்தைந்து மடங்கு பெருகுவதால் அழுத்தம் அந்த அளவுக்குக் குறைகிறது. போல்ட் 8.8 தரத்ததாதல் வேண்டும்; அதன் தலையிலேயே அவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பளத்தை அகற்றித் தரையில் துரு உண்டா எனப் பாராமல் எத்தகைய தகட்டினை வைத்தும் பயனில்லை.

மற்றொரு மறைவிடம் கூரையின் அடிப்பகுதி. கூட்டிற்கும் கூரைக்கும் இடையே கைநுழையவும் இடமிராது. அதனால் மேலிணைப்புகளின் கீழ்ப்பாதியை மட்டும் பற்றவைத்து, மேற்பாதியை அப்படியே விட்டுவிடுவோர் உளர். வர்ணம் பூசியபின் இது எவர் கண்ணுக்கும் தெரியாது. கார் தலைகீழாக விழும்போது முதலில் பிளப்பதோ அந்தப் பாதிதான். தேர்ந்த தொழிலாளர் தரையில் கால்கள் நிற்கும் இடங்களில் துளையிட்டு, கூட்டினைச் சிறிது கீழே இறக்கி, மேலிணைப்புகளைச் சுற்றிலும் முழுமையாகப் பற்றவைத்து, மீண்டும் உயர்த்தித் துளைகளை வலுவூட்டுத் தகட்டால் மூடுவர். வேலையை ஏற்றுக்கொள்பவர் ஒரு சிறு கண்ணாடியைக் கூரைக்கும் குழாய்க்கும் இடையே செருகிப் பார்த்துவிட்டே பணம் தருவது நலம். அழகுக்காகப் பற்றவைப்பைச் சாணைச் சக்கரத்தால் தேய்த்து மழமழப்பாக்கியிருந்தால், அதுவும் ஐயத்திற்குரியதே. வேலை தொடங்குமுன் பெட்ரோல் தொட்டியையும் பாட்டரியையும் ஆசனங்களையும் வெளியே எடுத்துவிட வேண்டுமென்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறோம்.

இத்துணை கவனத்தோடு அமைத்த கூடும் பந்தயக் களத்திற்கு மட்டுமே உரியது. அங்கே ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்திருக்கிறார். இரு தோள்களிலும் இடையிலும் வார்கள் அவரை ஆசனத்தோடு அசையாமல் பிணைத்துள்ளன. தலை எட்டக்கூடிய குழாய்களின்மேல் மெத்தையுறை சுற்றப்பட்டுள்ளது. கடைவீதிக்குச் செல்பவர் தலைக்கவசத்தோடு கார் ஓட்டுவதில்லை. சாதாரண வார் அணிந்தவரின் தலை மோதலின்போது பக்கவாட்டில் பல அங்குலம் வீசப்படும். அவ்விடத்தில் உருக்குக் குழாய் நின்றால், கார் கவிழாத சிறு விபத்திலேயே மண்டை உடையக்கூடும். பக்கத்திலிருந்து விரியும் காற்றுப்பைகளுக்கும் கூடு தடையாகலாம். உயிர் காக்கும் பொருளே உயிருக்கு உலை வைப்பது இங்ஙனமே.

சட்டமும் இதற்கு இடந்தருவதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்பிற்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகையால் சாலையில் ஓடும் காருக்குக் கூடு வேண்டுமென்று கேட்கும் மாணவனிடம் வேண்டாமென்றே ஆசிரியர் கூறவேண்டும்.

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்க்கு இதே தத்துவம் டிராக்டரில் எதிர்ப்படும். வரப்பேறிக் கவிழும் டிராக்டரின் அடியில் ஓட்டுபவர் நசுங்காமலிருக்க ஆசனத்தின் பின்னே நிறுத்தும் உருக்குச் சட்டத்தினைப் புதிய டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. அச்சட்டத்தில் விளக்குமாட்டத் துளையிடுதலும், கொட்டகைக்குள் நுழையவில்லையென்று மேற்பகுதியை அறுத்தலும் அதன் வலிமையைக் கெடுக்கும். சட்டம் உள்ள டிராக்டரில் இடைவாரும் அணியவேண்டும். இல்லையேல் தூக்கியெறியப்படுபவர்மீது அச்சட்டமே விழும்.

ஒருமுறை கவிழ்ந்த கூட்டினை, காரிலாயினும் டிராக்டரிலாயினும், அடித்து நிமிர்த்தி மீண்டும் பொருத்தலாகாது. வளைந்த உருக்கு தன் நெகிழ்வில் பெரும்பகுதியை முன்னரே செலவிட்டுவிட்டது. மறுமுறை விழும்போது வளைந்து கொடுக்க அதனிடம் மிச்சம் சிறிதே இருக்கும்.