சிறகிழந்த ஜடாயு

தோல் பதனிடும் ஊர்களாகிய ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியில் வளரும் நமக்கு மாட்டுத் தோலின் பயன் நன்கு தெரியும். தோலை உரித்தபின் எஞ்சும் உடலை யார் அகற்றினர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நாடெங்கும் அப்பணியைக் கூலியின்றிச் செய்தவை பிணந்தின்னிக் கழுகுகளே.

அவ்வினத்தின் பெருமையைத் தீட்டியவர் இராஜா ரவி வர்மா (1848–1906). அவருடைய இராமாயண ஓவியங்களுள் ஒன்று 'ஜடாயு வதம்'. சீதையைக் காக்கப் போரிட்ட கழுகரசன், இராவணன் வாளால் சிறகிழந்து வீழ்கிறான். கண்கொண்டு காண இயலாமல் சீதை முகத்தை மூடிக்கொள்கிறாள். ரவி வர்மாவின் அச்சகம் இப்படத்தை எளியோர் இல்லங்களுக்கும் கொண்டு சென்றது.

அவர் மறைந்து நூறாண்டு கழித்து, 2006-இல், கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து தருவதை நம் அரசு தடை செய்தது. அம்மருந்து ஏற்றிய மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன என்பதை 2004-இல் அறிஞர்கள் வெளியிட்டிருந்தனர். 1992 முதல் 2007 வரை இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. தமிழகத்தில் இன்று அவை பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கிலேயே கூடு கட்டுகின்றன.

ஓவியத்து ஜடாயுவை வீழ்த்தியது பகைவனின் வாள். நம் காலத்து ஜடாயுவை வீழ்த்தியதோ நன்மை கருதி இட்ட மருந்து. கழுகுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் மருந்து இருக்கிறது. மாடு வளர்க்கும் நம் இல்லத்தார் அதையே கேட்டுப் பெறச் செய்வோம்!